அகப்பைக் காம்பின் அறிவியல்

பங்குனித் திங்களில் மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் பெருவிழா நடைபெறும் நாள்களில், மாடவீதிகளின் ஓரங்களில் தரைக்கடைகள் விரிந்துவிடும். மரச்செப்பு, பம்பரம், சப்பாத்திக் கட்டை, தயிர் கடையும் மத்து ஆகியவற்றின் நடுவே மரக்கரண்டிகளும் குவிந்து கிடக்கும். வாங்க வருவோர் கரண்டியின் முகத்தைத்தான் ஆராய்வர். குழி ஆழமா, அடி தட்டையா, எவ்வளவு கொள்ளும் என்றெல்லாம் பார்ப்பர். காம்பு அவர்கள் கண்ணில் படுவதில்லை. பிடித்துக்கொள்ள ஒரு தண்டு என்ற அளவில் அதை விட்டுவிடுவர். ஆனால் அடுக்களைக்குள் வந்தபின் அக்காம்பு தனியே பல தொழில்களை மேற்கொள்கிறது. வாணலியில் எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று சொல்கிறது. பொங்கி வரும் பாலைச் சற்று நிறுத்திவைக்கிறது. அரைவேக்காட்டுச் சோற்றில் ஆவிக்கு வழி திறக்கிறது. மாவடுச் சாடியின் அடிவரை இறங்கிக் கிளறுகிறது.

இவ்வேலைகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவையாகத் தோன்றினும் அவற்றின் காரணம் ஒன்றே. மரம் முழுத் திண்மப் பொருளன்று. அதன் பருமனில் பெரும்பகுதி வெறுமை. அவ்வெறுமையில் அடைபட்ட காற்று, அதைச் சூழ்ந்த சுவர்களில் ஒட்டியுள்ள நீர், மேலும் நீர் கிடைத்தால் பருகிக்கொள்ளும் அச்சுவர்களின் வேட்கை ஆகிய மூன்றுமே காம்பின் பயன்களைத் தருகின்றன. காம்பின் குறைகளும் அங்கிருந்தே பிறக்கின்றன.

மரத்துக்குள் இருப்பவை

தேக்கங்காம்பு ஒன்றின் முனையைக் கூரிய கத்தியால் மெல்லச் சீவி, சாளரத்து வெளிச்சத்தில் உற்று நோக்கினால் நுண்ணிய துளைகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். மரம் உயிரோடு நின்ற காலத்தில் வேர் உறிஞ்சிய நீரை இலைகளுக்கு ஏற்றிய குழல்கள் அவை. அவற்றைச் சுற்றிலும், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள நார் உயிரணுக்கள் நெருங்கி அமைந்துள்ளன. குழல்களும் நார்களும் காம்பின் நீளவாட்டத்திலேயே ஓடுகின்றன. மெல்லிய மூங்கிற் குழல்களை ஆயிரக்கணக்கில் அடுக்கிப் பசையிட்டு இறுக்கிய கட்டு என்று காம்பைக் கருதலாம். குழலின் சுவர் செல்லுலோசு இழைகளால் ஆனது. இழைகளைப் பிணைக்கும் பசை இலிக்னின்.

மரம் எவ்வகையாயினும், அதன் சுவர்ப்பொருளின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராம். உலர்ந்த தேக்கின் அடர்த்தியோ 0.65 கிராம் அளவே. இரண்டையும் ஒப்பிட்டால், தேக்கங்காம்பின் பருமனில் 43 விழுக்காடு சுவர், எஞ்சிய 57 விழுக்காடு வெற்றிடம் என்பது புலப்படும். தோதகத்தி என்றும் ஈட்டி என்றும் வழங்கும் கருமரம் செறிவு மிக்கது. அதில் கணக்கு ஏறத்தாழ தலைகீழாகிவிடும். கொட்டாங்கச்சி அகப்பைக்குக் காம்பாகச் செருகப்படும் மூங்கில், தாவர நூலின்படி மரமே அன்று, புல்லினத்தைச் சேர்ந்தது. ஆயினும் அதன் உடலும் நீளவாட்டக் குழல்களாலும் நார்களாலும் ஆனதால் காம்பின் பண்புகள் அதற்கும் பொருந்தும்.

கை சுடாத காரணம்

வெப்பத்தைக் கடத்தும் திறனில் அலுமினியத்துக்கு 200க்கு மேற்பட்ட மதிப்பு தரப்பட்டால், இரும்புக்கு ஏறத்தாழ 80, எவர்சில்வருக்கு 15, நீருக்கு 0.6, மரத்துக்கு 0.15 முதல் 0.3 வரை, அசையாக் காற்றுக்கு 0.03க்கும் குறைவு. மரத்தின் மதிப்பு இவ்வளவு தாழ்ந்திருப்பதற்கு அதனுள் சிறைப்பட்ட காற்றே தலைமைக் காரணம். நாரின் போக்கில் வெப்பம் சற்று விரைவாகச் செல்லும். நாருக்குக் குறுக்கே அதில் ஏறத்தாழ பாதி அளவே செல்லும்.

இவ்வேறுபாடு கைக்கு எவ்வாறு எட்டுகிறது? விரற்கடைப் பருமனில், அதாவது 12 மில்லிமீட்டர் தடிப்பில், ஒரே அளவான மூன்று தண்டுகளைக் கொதிக்கும் குழம்பில் நாட்டி வைப்பதாகக் கொள்வோம். தண்டின் வழியே ஏறும் வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்று இழுத்துக்கொண்டே இருக்கும். குழம்பிலிருந்து மேலே செல்லச் செல்லச் சூடு குறையும். சூட்டின் மிகுதி மூன்றில் ஒரு பங்களவுக்குத் தணிய அலுமினியத் தண்டில் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் தொலைவு வேண்டும். எவர்சில்வரில் 7 சென்டிமீட்டர் போதும். மரத்திலோ ஒரு சென்டிமீட்டரிலேயே அது நிகழ்ந்துவிடும். பிடிக்கும் இடம் வரை வெப்பம் வந்து சேர்வதே இல்லை.

நீராவி பட்டு மரக்காம்பின் மேற்புறம் சூடேறும் நேரங்களும் உண்டு. அப்போதும் அது கையைச் சுடுவதில்லை. 80 பாகை செல்சியசு சூடுள்ள எவர்சில்வர்க் காம்பை 33 பாகை சூடுள்ள விரல் தொட்டால், தொட்ட கணத்தில் தோலும் உலோகமும் சந்திக்கும் இடம் ஏறத்தாழ 74 பாகையாகும். அதே 80 பாகையிலுள்ள மரக்காம்பைத் தொட்டால் அவ்விடம் 45 பாகையளவில் நிற்கும். தோல் சூட்டை வலியாக உணரத் தொடங்கும் எல்லையும் ஏறத்தாழ அதுவே. உலோகம் தன் ஆழத்திலிருந்து வெப்பத்தை விடாமல் விரலுக்கு அனுப்புகிறது. மரத்தின் மேற்பரப்பு ஒருமுறை வெப்பத்தைக் கொடுத்தபின், உள்ளிருந்து மறுபடியும் கொண்டுவரக் காலம் பிடிக்கிறது; அதற்குள் கை விலகிவிடுகிறது.

இதனை வீட்டிலேயே மெய்ப்பிக்கலாம். ஒளிச்சேர்க்கையை ஆராய்ந்த டச்சு அறிஞர் யான் இங்கன்ஊசு, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல உலோகக் கம்பிகளுக்கு மெழுகு பூசி, அவற்றின் நுனியைச் சூடாக்கி, எதில் மெழுகு விரைவாக உருகி ஏறுகிறது என்று பார்த்தார். மெழுகுக்கு மாற்றாக வெண்ணெய் போதும். அலுமினியம், எவர்சில்வர், மரம் ஆகிய மூன்று கரண்டிகளின் காம்பில் ஒரே உயரத்தில் சிறிது வெண்ணெய் ஒட்டி, கொதிநீர் நிறைந்த பாத்திரத்தில் நிறுத்தினால் அலுமினியத்தில் வெண்ணெய் முதலில் வழியும். எவர்சில்வரில் தாமதமாக இளகும். மரத்தில் ஒட்டிய இடத்திலேயே நிற்கும்.

எண்ணெயின் சூட்டை அளக்கும் கருவி

காய்ந்த எண்ணெயில் மரக்காம்பின் நுனியை இறக்கினால் அதைச் சுற்றிச் சிறு குமிழிகள் கிளம்பும். வடை தட்டிப் போடுவதற்குமுன் பல வீடுகளில் செய்து பார்க்கும் சோதனை இது. குமிழி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எண்ணெய் கொதிக்கிறது என்பர். அது பிழை. சமையல் எண்ணெய் கொதிப்பதற்கு முன்பே புகைந்து சிதையும். குமிழிகள் எண்ணெயினுடையவை அல்ல, காம்பினுடையவை.

முதலில் வெளிவருபவை காற்றுக் குமிழிகள். 30 பாகையிலிருந்து 180 பாகைக்குச் சூடேறும் காற்று ஒன்றரை மடங்காக விரிவதால், குழல்களுக்குள் இருந்த காற்றில் ஒரு பகுதி நுனித் துளைகளின் வழியே வெளியேறுகிறது. அதைத் தொடர்ந்து வருவது நீராவி. உலர்ந்ததாகத் தோன்றும் காம்பில் நீர் ஏது என்ற வினாவுக்குச் சென்னையின் காற்று விடை கூறும். நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் உள்ள வானிலை நிலையங்களின் அளவீட்டில், ஆண்டின் பெரும்பகுதி நாள்களில் காலை நேர ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. மரச்சுவர் தன்னைச் சூழ்ந்த காற்றோடு ஈரத்தைப் பகிர்ந்துகொண்டு ஒரு சமநிலைக்கு வருவது இயல்பு. 30 பாகை வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில், மரம் தன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 13 விழுக்காடு நீரைத் தாங்கும். கோடைக் காலத்துத் தில்லியில், ஈரப்பதம் 25 விழுக்காட்டுக்கு இறங்கும்போது, அதே மரம் 5 விழுக்காடளவு நீரையே வைத்திருக்கும். அடையாற்றில் கடற்காற்று வீசும் வீட்டின் அடுக்களையில் தொங்கும் காம்பு, கைக்கு உலர்ந்திருப்பினும், உள்ளே நனைந்ததே.

காம்பின் நுனி மூன்று சென்டிமீட்டர் எண்ணெயில் மூழ்குகிறது என்போம். அப்பகுதியின் எடை இரண்டு கிராம் அளவு. அதில் உள்ள நீர் கால் கிராம். ஒரு கிராம் நீர் 100 பாகையில் ஆவியானால் 1.67 லிட்டர் இடத்தை நிரப்பும். எனவே கால் கிராம் நீருக்குள் 400 மில்லிலிட்டருக்கும் மேற்பட்ட ஆவி ஒளிந்திருக்கிறது. சில நொடிகளில் அதில் மிகச் சிறு பகுதியே வெளிப்படினும் குமிழிகள் திரளாக எழ அது போதும்.

குமிழி வந்ததா என்பதைக் காட்டிலும் எவ்வளவு விரைவாக வருகிறது என்பதே பார்க்க வேண்டியது. நீர் 100 பாகையில் ஆவியாகிறது. எண்ணெய் அதற்கு மேல் எத்தனை பாகை சூடேறியிருக்கிறதோ அந்த அளவில் காம்புக்குள் வெப்பம் பாய்கிறது. 120 பாகை எண்ணெயில் அம்மிகுதி 20 பாகை. 180 பாகை எண்ணெயில் 80 பாகை. அதாவது வெப்பத்தைச் செலுத்தும் விசை நான்கு மடங்கு. முன்னதில் ஒன்றிரண்டாய்ச் சோம்பி எழும் குமிழிகள், பின்னதில் இடைவிடாத சரமாக மேலேறும். வடைக்கும் பஜ்ஜிக்கும் வேண்டிய 170 முதல் 180 பாகையை இச்சரத்தைக் கொண்டு கணிக்கலாம். மெல்லிய சூட்டில் வேக வேண்டிய அதிரசத்துக்குச் சரம் அறுந்து அறுந்து வரும் நிலையே தக்கது.

இக்கருவிக்கு எல்லைகள் உண்டு. கழுவியவுடன் ஈரம் சொட்டும் காம்பை இறக்கினால் எண்ணெய் வெடித்துத் தெறிக்கும். குமிழிகளும் பொய்யான செய்தி தரும். எண்ணெய் அளவு மீறிக் காய்ந்தால் அதைக் காம்பு தனியே காட்டிக் கொடுக்காது. மேலெழும் புகைதான் அறிவிக்கும். மேலும், நாள்தோறும் எண்ணெயில் தோயும் காம்பு தன் நீரை இழந்து, வெறுமையான துளைகளில் எண்ணெயை நிரப்பிக்கொள்ளும். எண்ணெய் குடித்த காம்பில் குமிழிகள் குறையும். அது காட்டும் அளவும் மெல்ல மாறிவிடும். தியாகராய நகரின் உசுமான் சாலைப் பாத்திரக் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் சிலிக்கோன் கரண்டிகள் கையைச் சுடாமல் காப்பதில் மரத்துக்கு இளைத்தவையல்ல. ஆயினும் அவற்றுள் நீரேற்ற துளைகள் இல்லாததால், எண்ணெயில் இறக்கினால் அவை ஒன்றும் சொல்வதில்லை.

பொங்கும் நுரையும் குறுக்கே கிடக்கும் காம்பும்

தைத்திங்கள் முதல் நாளன்று பால் பொங்க வேண்டும். ஏனைய நாள்களில் பொங்கிவிடக் கூடாது. பாத்திரத்தின் வாயில் மரக்கரண்டியைக் குறுக்கே வைத்தால் பால் வழியாது என்பது அடுக்களை வழக்கு. அது எவ்வளவு உண்மை என்பதை ஆராய்வது தகும்.

வெறும் நீர் கொதிக்கும்போது குமிழிகள் மேலே வந்தவுடன் உடைந்துவிடுகின்றன. பாலில் உள்ள புரதங்கள் குமிழியின் படலத்தில் ஒட்டி அதற்கு வலுவூட்டுகின்றன. 70 பாகையைக் கடந்ததும் மோரிலே தங்கும் வகைப் புரதங்கள் தம் வடிவம் குலைந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் மேலே ஆடையும் படர்கிறது. கீழிருந்து வரும் ஆவி அவ்வாடையின் அடியில் சிக்கி, உடையா நுரையாகக் குவிந்து, முழுத்திரளாக மேலெழுகிறது. சோற்றுக்கஞ்சியில் புரதத்தின் இடத்தை மாச்சத்து ஏற்கிறது.

எழும் நுரை குறுக்கே கிடக்கும் காம்பைத் தொட்டதும் இரண்டு நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. குமிழிக்குள் இருப்பது 100 பாகை ஆவி. குளிர்ந்த மரம் பட்டதும் அது நீராகச் சுருங்க, குமிழி இளைத்து உடைகிறது. அதனோடு, உலர்ந்த மரத்தின் கரடான மேற்பரப்பு படலத்து நீரைத் தன்பால் இழுத்துக்கொள்வதால் படலம் மெலிந்து கிழிகிறது. இவ்விரண்டும் காம்பு குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்கும் வரையே நிகழும். சில நிமிடங்களில் மரம் சூடேறி நனைந்துவிட்டால், பின்னர் வரும் நுரை அதைத் தாண்டி வழியும். ஆதலால் குறுக்குக் காம்பு அடுப்பைத் தணிக்க நமக்குக் காலம் வாங்கித் தரும். காவல் முழுவதையும் அதனிடம் ஒப்படைக்க இயலாது. பருப்பு வேகும்போது ஒரு துளி விளக்கெண்ணெய் விடும் வழக்கம் இதனினும் நீடித்த பயன் தரும். எண்ணெய் நுரைப்படலத்தின் மேல் பரவி அதைப் பல இடங்களில் ஒரே நேரத்தில் வலுவிழக்கச் செய்கிறது.

மூடியிட்ட பாத்திரத்தில் காம்பின் பணி வேறு. மூடிக்கும் விளிம்புக்கும் இடையே காம்பின் நுனியைச் செருகிவைத்தால் விரற்கடை இடைவெளி கிடைக்கும். ஆவி அவ்வழியே வெளியேறுவதால் உள்ளே நுரையை உந்தும் அழுத்தம் குறைகிறது. வெப்பமும் பெரிதும் காக்கப்படுகிறது. எரிவாயு அடுப்பில் காம்பின் மறுமுனை சுடரின் நேர்மேலே நீண்டிராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 300 பாகையை ஒட்டிய சூட்டில் மரம் தீப்பற்றிவிடும்.

ஆவிக்கு வழி திறத்தல்

பெரிய பாத்திரத்தில் அரிசியை அளவுநீரில் வேகவைக்கும்போது, நீர் வற்றி மேற்பரப்பு இறுகும் வேளையில், காம்பின் நுனியால் அங்கங்கே அடிவரை துளையிடுவர். அடியில் எஞ்சிய நீர் ஆவியாகி அத்துளைகளின் வழியே மேலேறி மேலடுக்குச் சோற்றை வேகவைக்கிறது. இதன் ஆற்றல் பெரிது. ஒரு கிராம் நீரை ஒரு பாகை சூடாக்க ஒரு கலோரி போதும். ஒரு கிராம் ஆவி நீராகச் சுருங்கும்போது 540 கலோரி வெளிப்படும். குளிர்ந்த பருக்கையின் மேல் படும் ஆவி, தன்னுள் சுமந்து வந்த அவ்வெப்பம் முழுவதையும் அங்கேயே இறக்கிவைக்கிறது. துளையில்லையெனில் வெப்பம் பருக்கைக்குப் பருக்கை ஊர்ந்தே ஏற வேண்டும். அதற்குள் அடி பிடித்துவிடும்.

உளுந்து வடையின் நடுத்துளையும் இவ்வகையதே. பலரும் விரலால் இடும் அத்துளையை, நீரில் நனைத்துத் துடைத்த காம்பு நுனியாலும் இடலாம். மாவுக்குள் வெப்பம் சென்றடையும் காலம் தடிப்பின் இருமடியைப் பொறுத்தது. வெப்பம் கடக்க வேண்டிய தொலைவு பாதியானால் காலம் நான்கில் ஒன்றாகும். துளையிட்ட வடையில் மாவின் எப்பகுதியும் எண்ணெயிலிருந்து தொலைவில் இல்லை. வெளிப்புறம் கருகுமுன் உட்புறம் வெந்துவிடுவது இதனாலேதான்.

காம்பு செய்யத் தகாத வேலை ஒன்றும் இங்கே உண்டு. அழுத்தக் குக்கரின் வெயிட்டைக் காம்பின் நுனியால் தூக்கிப் பிடித்து ஆவியை விரைந்து வெளியேற்றுவது பல வீடுகளில் வழக்கம். குக்கருக்குள் நீர் ஏறத்தாழ 120 பாகையில் கொதிக்காமல் அடங்கியிருக்கும். அழுத்தத்தைத் திடீரென நீக்கினால், 100 பாகைக்கு மேற்பட்ட அந்த 20 பாகை வெப்பமும் நீரை ஆவியாக்கச் செலவாகும். ஒரு லிட்டர் நீர் இருப்பின் 37 கிராம் அளவு ஆவியாகும். அது வெளிவந்து பரவும் பருமன் 60 லிட்டர். அவ்வேகத்தில் பருப்புநீரும் சேர்ந்து பீறிடும். காம்பு நீளமாயிருப்பதும் சுடாதிருப்பதும் கைக்கு ஓரளவு பாதுகாப்பு, முகத்துக்கு அன்று. அடுப்பை அணைத்து, அழுத்தம் தானே இறங்கும் வரை பொறுப்பதே முறை.

களியும் கூழும்

ஆடித் திங்களில் மயிலாப்பூர் முண்டகக்கண்ணி அம்மன் கோயில் முதலிய அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பது வழக்கம். அண்டாக்களில் கூழும் களியும் கிண்டுவோர் கையில் இருப்பது ஆளுயரத்துக்கு நெருங்கிய மரத்துடுப்பு. கேழ்வரகு மாவின் மாச்சத்து மணிகள் 70 பாகையை ஒட்டிய சூட்டில் நீரை உறிஞ்சிப் பருத்துப் பிதுங்கிக் குழைகின்றன. அந்நிலையில் கலவை திடீரெனக் கெட்டியாகிக் கிண்டுவோரை எதிர்த்து நிற்கும். அவ்வெதிர்ப்பைத் தாங்கக் காம்பு வளையாமலும் முறியாமலும் இருக்க வேண்டும்.

மரம் இரும்பைவிட வலிமை குறைந்தது என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. ஒரே நீளமும் ஒரே எடையும் கொண்ட தேக்குத் தண்டையும் எஃகுத் தண்டையும் வளைத்துப் பார்த்தால், தேக்கு ஏறத்தாழ ஒன்பது மடங்கு விறைப்புடன் நிற்கும். பொருளளவில் எஃகு பதினாறு மடங்கு விறைப்பு உடையதுதான். ஆனால் தேக்கு பன்னிரண்டு மடங்கு எடை குறைந்தது. ஆகவே அதே எடைக்கு மூன்றரை மடங்கு தடித்த தண்டாகச் செய்ய முடிகிறது. வளைவை எதிர்ப்பதில் தடிப்பின் பங்கு மிகப் பெரிது. நான்கு மில்லிமீட்டர் எஃகுக் கம்பியின் எடைக்குப் பதினான்கு மில்லிமீட்டர் மரக்காம்பு கிடைக்கிறது. அத்தடிப்பு உள்ளங்கைக்கும் இசைவானது. இங்கும் வேலை செய்வது மரத்தின் வெறுமையே.

கிண்டுவோர் மேற்கையை நிலையாக வைத்து, கீழ்க்கையால் துடுப்பைத் தள்ளுவர். மேற்கை நெம்புகோலின் தாங்குபுள்ளியாகிறது. கீழ்க்கை எவ்வளவு தாழ்ந்து பிடிக்கிறதோ அவ்வளவு வலு குறைவாகத் தேவைப்படும். ஆனால் கீழே நெருங்கினால் கொதிக்கும் கூழ் குமிழ்த்து வெடித்துக் கையில் தெறிக்கும். காம்பின் நீளம் இவ்விரண்டுக்கும் இடையே பட்டறிவால் வகுக்கப்பட்ட உடன்பாடு.

மாவடுச் சாடியும் மாக்கற்சட்டியும்

மாசி, பங்குனித் திங்களில் மயிலை மாடவீதிகளில் மாவடு வந்து குவியும். உப்பும் விளக்கெண்ணெயும் மிளகாயும் இட்டுச் சாடியில் நிறைத்த வடுக்களை நாள்தோறும் புரட்டிவிட வேண்டும். அப்போதுதான் ஊறிவரும் உப்புநீர் எல்லாக் காய்களையும் நனைக்கும். உப்பிலுள்ள குளோரைடு, எவர்சில்வரின் மேல் இயல்பாகப் படிந்துள்ள காப்புப் படலத்தை நாளடைவில் அரித்துப் புள்ளிபுள்ளியாகக் குழியாக்க வல்லது. பித்தளையும் செம்பும் புளிப்போடு சேர்ந்து களிம்பேறும். மரத்தை உப்பும் புளிப்பும் அவ்வாறு தாக்குவதில்லை. குறுகிய வாயுள்ள சாடிக்குள் கரண்டியின் முகம் நுழையாது, காம்பு நுழையும். அதனைச் சாடியின் உள்சுவரையொட்டி இறக்கி மெல்ல அசைத்தால் காய்களிடையே சிக்கிய காற்று குமிழியாக மேலே வந்துவிடும். ஆவக்காய்க்கும் இதுவே பொருந்தும். பூஞ்சணம் வளரக் காற்று வேண்டும். காற்று அகன்று, துண்டுகள் எண்ணெயின் அடியில் அமிழ்ந்தால் ஊறுகாய் நீடிக்கும். இப்பணிக்கு வரும் காம்பு முற்றிலும் உலர்ந்ததாக இருத்தல் இன்றியமையாதது.

மாக்கற்சட்டியும் ஈயச்சொம்பும் இன்றும் மயிலாப்பூர் அடுக்களைகள் பலவற்றில் விளங்குகின்றன. மாக்கல்லில் மிகுந்திருப்பது கனிமங்களின் கடினத்தன்மை அளவுகோலில் முதற்படியில், அதாவது 1 என்ற இடத்தில் நிற்கும் டால்க். இரசம் வைக்கும் ஈயச்சொம்பு உண்மையில் வெள்ளீயம். அதன் கடினம் 1.5. எவர்சில்வர்க் கரண்டியின் கடினம் 5க்கு மேல். உலோகக் கரண்டி உரசினால் மாக்கல்லும் வெள்ளீயமும் கீறல் படும். மரம் உரசினால் மரமே தேயும். 232 பாகையில் உருகிவிடும் வெள்ளீயத்தைக் காப்பாற்ற, சொம்பில் எப்போதும் நீர்மம் இருக்க வேண்டும். புளிக்கரைசல் எவ்வளவு வற்றியிருக்கிறது என்பதைக் காம்பை நட்டு நனைந்த உயரம் கொண்டு அறியலாம். ஒட்டாப்பூச்சுப் பாத்திரங்களுக்கும் மரமே நட்பானது.

ஈரம் என்னும் குறை

பயன் தரும் அதே துளைகளில் குழம்பின் நீரும் மணமும் நிறமும் புகுந்து தங்குகின்றன. மரக்கரண்டி தூய்மையற்றது என்று சிலர் அஞ்சுவதற்கு இதுவே காரணம். அமெரிக்காவின் விசுகான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளிவரும் அவர்தம் குழுவினரும் காய்கறி அரியும் பலகைகளில் நுண்ணுயிர்களை இட்டு ஆராய்ந்து 1994இல் முடிவுகளை வெளியிட்டனர். மரப்பலகை நுண்ணுயிர்களை நீரோடு உள்ளே இழுத்துக்கொண்டது. உள்ளே சென்றவை பெருகாமல் மடிந்தன. கீறல் விழுந்த நெகிழிப் பலகையிலோ அவை நிலைத்து நின்றன. உலரும் மரம் நுண்ணுயிருக்கு நல்லிடம் அன்று என்பதே இதன் கருத்து. ஓயாது நனைந்திருக்கும் மரத்துக்கு இவ்வுறுதி பொருந்தாது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் பற்றும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் சென்னை அடுக்களை அந்நிலைக்கு எளிதில் வந்துவிடும்.

ஆகவே மரக்கரண்டியை நீரில் ஊறப்போடலாகாது. கழுவியதும் துடைத்து, காற்றோட்டமுள்ள இடத்தில் காம்பு கீழாக நிறுத்துவதைவிடக் கொக்கியில் தொங்கவிடுவது நன்று. நிறுத்தி வைத்தால் நீர் வடிந்து காம்பின் வெட்டுமுகத்தில் தேங்கும். குழல்களின் வாய்கள் திறந்திருப்பதும் அங்கேதான். திங்களுக்கு ஒருமுறை தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ மெல்லப் பூசி ஊறவிட்டுத் துடைத்தால் நீர் புகுவது குறையும். காம்பில் பிளவு கண்டால் அதை உணவில் இடாமல் விலக்க வேண்டும். பிளவுக்குள் சென்ற அழுக்கை எந்தக் கழுவலும் வெளியேற்றாது.

வாங்கும்போது காம்பின் பக்கவாட்டில் ஓடும் வரிகளைப் பார்க்க வேண்டும். அவ்வரிகள் நுனி முதல் அடிவரை காம்போடு இணையாகச் சென்றால் நார்கள் முழுநீளம் ஓடுகின்றன என்பது பொருள், அது முறியாது. வரிகள் சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறினால் களி கிண்டும்போது அச்சாய்வின் வழியே பிளக்கும். மினுமினுக்கும் வண்ணமெழுகு பூசியதை ஒதுக்கிவிட்டு, துளைகள் திறந்த வெறுமரத்தையே எடுக்க வேண்டும். பூச்சு துளைகளை அடைத்துவிட்டால் எண்ணெயின் சூட்டைச் சொல்லவும் நுரையின் நீரைப் பருகவும் காம்புக்கு வழியில்லை. ஒருமுறை உட்கொண்டதை மரம் எளிதில் விடுவதில்லையாதலால் வறுவலுக்கு ஒன்று, பாலுக்கும் பாயசத்துக்கும் ஒன்று, ஊறுகாய்க்கு ஒன்று என ஒரு வீட்டுக்கு மூன்று மரக்கரண்டிகள் வேண்டும்.